பெரோஸ் காந்தி: மக்கள் பணத்திற்குக் கணக்குக் கேட்ட பாராளுமன்ற உறுப்பினர்

பாராளுமன்றத்தின் பணிகள் எவை என்று கேட்டால் மாணவர்கள் தயக்கமின்றி எழுதிவிடுவார்கள். சட்டம் ஆக்குதல், அரச நிதியைக் கட்டுப்படுத்துதல், நிருவாகத்தைக் கண்காணித்தல் என்ற மூன்றும் மனப்பாடமாக இருக்கும். ஆனால் கண்காணித்தல் என்றால் என்ன, ஓர் உறுப்பினர் எழுந்து கேள்வி கேட்பதனால் என்ன நடந்துவிடும் என்று அடுத்த வினா வந்தால் பேனா நின்றுவிடும். விடைத்தாளில் அந்த இடம் வெறுமையாகவே இருக்கும். அந்த வினாவுக்கு உதாரணமாக எழுதத்தக்க ஒருவரின் வாழ்க்கையே இங்கு தரப்படுகின்றது. இவர் அமைச்சராக இருந்தவரல்லர். கட்சித் தலைவரும் அல்லர். இந்தியப் பாராளுமன்றத்தில் ஆளுங்கட்சியின் பின்வரிசையில் எட்டு ஆண்டுகள் அமர்ந்திருந்தவர். அந்த எட்டு ஆண்டுகளுக்குள் நாட்டின் பெருஞ்செல்வந்தர் ஒருவரின் கணக்குகளைச் சபையில் அம்பலப்படுத்தினார். பின்னர் தமது சொந்தக் கட்சியின் நிதியமைச்சர் பதவி விலகும் நிலையையும் ஏற்படுத்தினார்.

பெயரும் பிறப்பும்

முதலில் ஒரு தவறைத் திருத்திக்கொள்வோம். பெரோஸ் காந்தி மகாத்மா காந்தியின் மகன் என்று எழுதும் மாணவர்கள் உள்ளனர். மகாத்மாவுக்கும் இவருக்கும் எவ்வித உறவுமில்லை. இவர் பார்சி இனத்தவர். பாரசீகத்திலிருந்து பல நூற்றாண்டுகளுக்கு முன் இந்தியாவுக்கு வந்து குடியேறிய, சரதுஷ்டிர சமயத்தைப் பின்பற்றும் சிறிய சமூகத்தினரே பார்சிகள். இவரது குடும்பப் பெயரின் ஆங்கில எழுத்துகள் முன்னர் வேறு விதமாக இருந்தன. சுதந்திரப் போராட்டத்தில் சேர்ந்த பின்னரே மகாத்மாவின் பெயரை எழுதும் முறையில் அதனை அமைத்துக்கொண்டார்.

பெரோஸ் 1912 ஆம் ஆண்டு செப்டெம்பர் 12 ஆம் திகதி பம்பாயில் பிறந்தார். தந்தையார் கப்பற் பொறியியலாளர். தந்தையின் மறைவுக்குப் பின் குடும்பம் அலகாபாத் நகருக்கு இடம்பெயர்ந்தது. அங்கு வைத்தியசாலையொன்றில் சத்திரசிகிச்சை வைத்தியராகப் பணியாற்றிய, தாயின் சகோதரியான சிரின் கொமிசரியற் என்பவரின் ஆதரவிலேயே பெரோஸ் வளர்ந்தார். நேரு குடும்பத்தின் இல்லமும் அலகாபாத்திலேயே இருந்தது என்பதை நினைவிற் கொள்க.

1930 ஆம் ஆண்டில் இவர் யூயிங் கிறிஸ்தவக் கல்லூரியில் மாணவராக இருந்தார். அக்கல்லூரி வாயிலில் காங்கிரஸ் பெண்கள் மறியல் செய்தபோது ஜவகர்லால் நேருவின் மனைவி கமலா வெயிலின் கொடுமையால் மயங்கி விழுந்தார். ஓடிச்சென்று உதவியவர்களுள் பெரோஸும் ஒருவர். மறுநாளே படிப்பை விட்டுப் போராட்டத்தில் இணைந்தார். அதே ஆண்டில் கைதாகிப் பைசாபாத் சிறையில் 19 மாதங்கள் இருந்தார். பின்னாளில் இந்தியாவின் பிரதமரான லால் பகதூர் சாஸ்திரியும் அச்சிறையிலேயே இருந்தார். அடுத்த சில ஆண்டுகளிலும் சிறை இவருக்குப் புதிதாக இருக்கவில்லை.

கமலா நேரு காசநோயால் பாதிக்கப்பட்டு ஐரோப்பாவில் சிகிச்சை பெற்ற காலத்தில் பெரோஸ் அருகிலிருந்து உதவினார். 1936 பெப்ரவரி 28 இல் சுவிற்சர்லாந்தின் லோசான் நகரில் கமலா காலமானபோதும் அங்கிருந்தார். அக்காலத்தில் இவர் இலண்டன் பொருளியற் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தார். நேருவின் மகள் இந்திராவும் இங்கிலாந்திலேயே கல்வி கற்றார். இருவரும் 1942 மார்ச் 26 இல் அலகாபாத்தில் திருமணம் செய்துகொண்டனர். மதம் கடந்த அத்திருமணத்திற்கு நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. மகாத்மா காந்தி ஆதரவாக அறிக்கை விடுத்தார். சில மாதங்களிலேயே வெள்ளையனே வெளியேறு இயக்கத்தில் கணவன், மனைவி இருவரும் சிறை சென்றனர். 1944 இல் ராஜீவும் 1946 இல் சஞ்சயும் பிறந்தனர்.

1946 இல் லக்னோவில் நேஷனல் ஹெரால்ட் பத்திரிகையின் முகாமைப் பணிப்பாளரானார். இதனை வெறும் தொழில் விபரமாகக் கடந்துவிட வேண்டாம். ஒரு கம்பனியின் ஐந்தொகையை எவ்வாறு வாசிப்பது, பத்திரிகை ஒன்றுக்கு எதிராக வழக்கு வந்தால் அதன் நிலை என்னவாகும் என்ற இரண்டையும் அறிந்துகொள்ளும் வாய்ப்பு அங்கே கிடைத்தது. அந்த அறிவு பின்னர் எங்கே பயன்பட்டது என்பதைக் கீழே காணலாம்.

சேமிப்பு எங்கே போகின்றது?

1952 இல் நடைபெற்ற சுதந்திர இந்தியாவின் முதலாவது பொதுத் தேர்தலில் ரேபரேலித் தொகுதியிலிருந்து பெரோஸ் தெரிவுசெய்யப்பட்டார். பிரதமரோ அவருடைய மாமனார். சபையில் முதல் மூன்று ஆண்டுகள் இவர் அதிகம் பேசவில்லை. நேருவின் மருமகன் என்பதால் ஆசனம் கிடைத்தது என்று கருதியவர்களும் இருந்தனர். 1955 டிசெம்பரில் அந்த எண்ணம் மாறியது.

அன்று பேசப்பட்ட விடயத்தை விளங்கிக்கொள்ள வணிகக் கல்வியிற் படித்த காப்புறுதிப் பாடத்தைச் சற்று நினைவுபடுத்துக. ஆயுட் காப்புறுதி செய்தவர் மாதந்தோறும் அல்லது வருடந்தோறும் கட்டுப்பணம் செலுத்துகிறார். அவருக்கோ அவருடைய குடும்பத்திற்கோ பணம் திரும்பக் கிடைப்பது இருபது, முப்பது ஆண்டுகளுக்குப் பின்னர். இடைப்பட்ட காலத்தில் அப்பெருந்தொகை கம்பனியின் கையில் இருக்கின்றது. பணம் மக்களுடையது, அதை எங்கே முதலிடுவது என்று தீர்மானிப்பவர் கம்பனியின் தலைவர்.

இதனை வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஓர் ஒழுங்கையில் நடக்கும் சீட்டோடு ஒப்பிடலாம். ஒரு மாமி இருபது வீடுகளிலிருந்து சீட்டுப்பணம் சேர்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் காசை அவர் தமது தம்பியின் கடைக்கு இரகசியமாகக் கைமாற்றாகக் கொடுக்கிறார். கடை நன்றாக ஓடும்வரை எவருக்கும் ஒன்றும் தெரியாது. தம்பி அந்தக் காசை இழந்துவிட்டால், சீட்டு எடுக்கும் முறை வருபவர் வெறுங்கையோடு நிற்பார். தம்பிக்குக் கொடுக்கலாமா என்று அந்த இருபது வீட்டாரிடமும் யாரும் கேட்டதில்லை. சீட்டிலாவது மாமியின் முகம் எல்லோருக்கும் தெரியும். பெரிய கம்பனியில் அதுவுமில்லை.

அக்காலத்து இந்தியாவில் வங்கி, காப்புறுதிக் கம்பனி, சீமெந்து ஆலை, சீனி ஆலை, பத்திரிகை ஆகியன பல சந்தர்ப்பங்களில் ஒரே குடும்பத்தின் கையில் இருந்தன. ஒன்றில் சேரும் பொதுமக்கள் பணம் மற்றொன்றுக்குப் பாய்வதற்கு ஒரு கையொப்பம் போதுமானதாக இருந்தது. இது இந்தியாவுக்கு மட்டும் உரிய ஆபத்தன்று. பெரோஸ் பிறந்த அதே 1912 இல் ஐக்கிய அமெரிக்காவில் ஆர்சென் பூஜோ என்ற பிரதிநிதிகள் சபை உறுப்பினரின் தலைமையில் ஒரு குழு இதே விடயத்தை விசாரித்தது. ஜே. பி. மோர்கன் என்ற பெரும் வங்கியாளரே அக்குழுவின் முன் சாட்சியமளிக்க நேர்ந்தது. மோர்கன் நிறுவனத்தையும் அதனுடன் சேர்ந்த சில நியூயோர்க் வங்கிகளையும் சார்ந்தவர்கள் 112 நிறுவனங்களில் 341 பணிப்பாளர் பதவிகளை வகித்தனர் என்பதை அக்குழு வெளிப்படுத்தியது. அந்த விசாரணைக்குப் பின்னர் 1913 இல் அமெரிக்க மத்திய வங்கி முறைமைக்கான சட்டம் வந்தது. பூஜோவுக்கு ஒரு குழுவும் திறமையான சட்டத்தரணியும் உதவிக்கு இருந்தனர். பெரோஸுக்கு அவ்வாறான குழு எதுவுமிருக்கவில்லை. சபையில் எழுந்து பேசும் உரிமை மட்டுமே இருந்தது.

டால்மியா விவகாரம்

ராமகிருஷ்ண டால்மியா அக்காலத்தில் இந்தியாவின் முதன்மையான செல்வந்தர்களுள் ஒருவர். ரைம்ஸ் ஒஃப் இந்தியா பத்திரிகையை வெளியிடும் பெனற் கோல்மன் கம்பனியை 1946 இல் வாங்கியவர். பாரத் காப்புறுதிக் கம்பனியின் தலைவராகவும் இருந்தார். 1955 டிசெம்பர் 6 ஆம் திகதி காப்புறுதிச் சட்டத்தைத் திருத்தும் மசோதா விவாதத்திற்கு வந்தபோது பெரோஸ் எழுந்து டால்மியா குழுமத்தின் நடவடிக்கைகளை விபரமாக எடுத்துரைத்தார். தாம் தலைமை வகித்த வங்கியினதும் காப்புறுதிக் கம்பனியினதும் பணத்தைக் கொண்டே டால்மியா பத்திரிகைக் கம்பனியை வாங்கினார் என்பதும் அவரது குற்றச்சாட்டுகளுள் ஒன்று. ஆண்டறிக்கைகள், கணக்குகள், திகதிகள், தொகைகள் என அடுக்கிக்கொண்டே போனார்.

பாரத் காப்புறுதிக் கம்பனியில் நடந்தது என்ன? அதன் பணத்தில் அரசாங்கப் பிணைகள் வாங்கப்பட்டதாகப் புத்தகங்களில் பதியப்பட்டது. உண்மையில் அப்பணம் குழுமத்தைச் சேர்ந்த வேறொரு கம்பனிக்குச் சென்றது. அக்கம்பனி பங்குச் சந்தையில் ஊக வியாபாரம் செய்து நட்டமடைந்திருந்தது. அந்த நட்டத்தை நிரப்பவே காப்புறுதிப் பணம் பயன்பட்டது. அரசாங்கம் நியமித்த கணக்காய்வாளர் பிணைகளைக் காட்டுமாறு கேட்டபோது அவை இருக்கவில்லை. தொகை 2 கோடி ரூபாவுக்கும் அதிகம். வழக்கு நீண்டது. 1962 இல் உச்ச நீதிமன்றம் குற்றத்தை உறுதிசெய்தது. டால்மியாவுக்கு இரண்டு ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

ஒரு நுட்பமான விடயத்தையும் மாணவர்கள் கவனிக்க வேண்டும். டால்மியாவைத் தண்டித்தது நீதிமன்றமே, பாராளுமன்றமன்று. பெரோஸ் செய்தது, மறைவில் கிடந்ததை நாட்டின் முன் வைத்ததும், ஒருவர் செய்த பிழையை மட்டும் பேசாமல் அப்பிழையை இலகுவாக்கிய முறையைக் கேள்விக்குள்ளாக்கியதுமே. விடை எழுதும்போது இந்த வேறுபாட்டைக் காட்டினால் உங்கள் விடை தனித்துத் தெரியும்.

அடுத்த சில வாரங்களில் நிலைமை வேகமாக மாறியது. 1956 ஜனவரி 19 இல் ஆயுட் காப்புறுதிக் கம்பனிகளின் முகாமைத்துவத்தை அரசாங்கம் ஓர் அவசரச் சட்டத்தின் மூலம் கையேற்றது. முந்திய பத்தாண்டுகளில் 25 ஆயுட் காப்புறுதிக் கம்பனிகள் கலைக்கப்பட்டன என்றும், மேலும் 25 கம்பனிகள் தமது நிதியை வீணாக்கியதால் அவற்றின் வியாபாரத்தை வேறு கம்பனிகளுக்கு மாற்ற நேர்ந்தது என்றும் நிதியமைச்சர் சி. டி. தேஷ்முக் காரணம் காட்டினார். அவ்வாண்டு செப்டெம்பர் 1 ஆம் திகதி 245 நிறுவனங்களை ஒன்றிணைத்து இந்திய ஆயுட் காப்புறுதிக் கூட்டுத்தாபனம் உருவாகியது. எல்.ஐ.சி. என்பது அதுவே. சென்னைக்குப் போய்வந்தவர்கள் அண்ணா சாலையில் எல்.ஐ.சி. கட்டடத்தைப் பார்த்திருப்பார்கள். தனியார் காப்புறுதிக் கம்பனி ஒன்று கட்டத் தொடங்கிய அந்த 14 மாடிக் கட்டடம் தேசியமயமாக்கலின் பின்னர் கூட்டுத்தாபனத்தின் கைக்கு வந்து, 1959 இல் நிதியமைச்சர் மொரார்ஜி தேசாயினால் திறந்துவைக்கப்பட்டது.

இலங்கையிலும் ஐந்து ஆண்டுகளின் பின் இதே திசையில் மாற்றங்கள் நிகழ்ந்தன. 1961 இல் இலங்கை வங்கி அரசுடைமையாக்கப்பட்டது. அதே ஆண்டு மக்கள் வங்கி தொடங்கப்பட்டது. காப்புறுதிக் கூட்டுத்தாபனச் சட்டமும் நிறைவேறியது.

பத்திரிகைகளுக்கு ஒரு சட்டம்

டால்மியா பற்றிய உரையைத் தயாரித்தபோது பெரோஸுக்கு ஒரு சிக்கல் தென்பட்டது. பாராளுமன்றத்தினுள் ஓர் உறுப்பினர் எதைப் பேசினாலும் அதற்காக வழக்குத் தொடர முடியாது. ஆனால் அவர் பேசியதை அப்படியே அச்சிடும் பத்திரிகைக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. செல்வந்தர் ஒருவர் மானநஷ்ட வழக்குப் போடுவார் என்று அஞ்சி ஆசிரியர் அச்செய்தியைத் தவிர்த்துவிடலாம். சபையில் இருந்த சில நூறு பேருக்கு மட்டும் தெரிந்த உண்மையால் காப்புறுதி செய்தவருக்கு என்ன பயன்?

எனவே பெரோஸ் தனிநபர் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். அமைச்சரல்லாத உறுப்பினர் ஒருவர் கொண்டுவரும் மசோதா சட்டமாவது மிக அரிது. இது 1956 இல் சட்டமாகியது. பாராளுமன்ற நடவடிக்கைகளை உண்மைக்கு மாறாமலும் தீய நோக்கமின்றியும் வெளியிடும் பத்திரிகை மீது வழக்குத் தொடர முடியாது என்பதே அதன் சாரம். பெரோஸ் காந்தி சட்டம் என்றே அது அழைக்கப்பட்டது. இச்சட்டத்தின் பிற்காலக் கதையை இறுதியிற் கூறுகிறேன்.

முந்த்ரா விவகாரம்

காப்புறுதி அரசுடைமையாகிவிட்டது. பெரோஸ் விரும்பியது நடந்துவிட்டது. வேறொருவராக இருந்தால் அத்தோடு ஓய்ந்திருப்பார். ஆனால் சீட்டுப் பிடிக்கும் மாமியிடமிருந்து கொப்பியை வாங்கி ஊர்ச் சங்கத்திடம் கொடுத்துவிட்டால் மட்டும் காசு பத்திரமாகிவிடுமா? சங்கத்தின் கொப்பியையும் யாராவது பார்க்க வேண்டுமல்லவா? அதனைப் பார்த்தவரும் இவரே.

ஹரிதாஸ் முந்த்ரா கல்கத்தா வர்த்தகர். பங்குகளை வங்கிகளில் ஈடுவைத்துக் கடன் பெற்று, அக்கடனைக் கொண்டு வேறு கம்பனிகளின் பங்குகளை வாங்குவது அவரது வழி. 1957 நடுப்பகுதியில் அவர் கடும் பண நெருக்கடியில் இருந்தார். அவ்வாண்டு ஜூன் மாதத்தில் ஆயுட் காப்புறுதிக் கூட்டுத்தாபனம் முந்த்ராவுடன் தொடர்புடைய ஆறு கம்பனிகளின் பங்குகளைச் சுமார் 1 கோடி 25 இலட்சம் ரூபாவுக்கு வாங்கியது. ஜெசப், ரிச்சர்ட்சன் அன்ட் குருடாஸ் ஆகியன அவற்றுட் சில. முதலீடுகள் பற்றி ஆலோசனை வழங்கவென்று கூட்டுத்தாபனத்தில் ஒரு குழு இருந்தது. அக்குழுவிடம் முன்கூட்டியே கேட்கப்படவில்லை.

பங்குகளை விற்றவர் நெருக்கடியில் இருந்த முந்த்ரா. வாங்கியது அரச கூட்டுத்தாபனம். கொடுக்கப்பட்ட பணமோ எழுதுவினைஞரும் ஆசிரியரும் புகையிரத ஊழியரும் மாதாமாதம் கட்டிய கட்டுப்பணம். இந்த ஒரு வரியை விளங்கிக்கொண்டால் முந்த்ரா விவகாரம் முழுவதும் விளங்கிவிடும்.

பாராளுமன்றத்தில் இதுபற்றிக் கேட்கப்பட்டபோது அரசாங்கத் தரப்பின் முதற் பதில்கள் தெளிவாக இருக்கவில்லை. 1957 டிசெம்பர் 16 ஆம் திகதி பெரோஸ் சபையில் எழுந்தார். எந்தத் திகதியில் எந்தப் பங்கு எவ்விலைக்கு வாங்கப்பட்டது, சந்தையில் அப்பங்குகளின் விலை எவ்வாறு செயற்கையாக உயர்ந்தது, அவசரம் யாருக்கு இருந்தது என ஒவ்வொன்றாகக் கேட்டார். பதிலளிக்க வேண்டியவர் நிதியமைச்சர் ரி. ரி. கிருஷ்ணமாச்சாரி. சென்னையின் பிரபல வர்த்தகராக இருந்து அரசியலுக்கு வந்த தமிழர், இந்திய அரசியலமைப்பை வரைந்த குழுவிலும் அங்கம் வகித்தவர், நேருவின் நம்பிக்கைக்குரியவர். இவரது திறமையை எவரும் மறுப்பதற்கில்லை. பெரோஸும் அவரும் ஒரே கட்சியினர். ஒரே பக்கத்து ஆசனங்களில் அமர்ந்தவர்கள். அன்று எதிர்க்கட்சியினர் கேட்க வேண்டிய கேள்விகளை ஆளுங்கட்சி உறுப்பினர் கேட்டார்.

அரசாங்கம் விசாரணை ஆணைக்குழு ஒன்றை நியமிக்க நேர்ந்தது. பம்பாய் உயர் நீதிமன்றப் பிரதம நீதியரசர் எம். சி. சக்லா அதன் ஒரே உறுப்பினர். விசாரணையைப் பகிரங்கமாக நடத்த வேண்டும் என்று அவர் தீர்மானித்தார். மண்டபத்தில் இடம் போதாமல் வெளியே நின்ற மக்களுக்காக ஒலிபெருக்கி பொருத்த வேண்டியிருந்தது என்றால் ஆர்வம் எவ்வளவு என்பதை ஊகிக்கலாம். நிதியமைச்சரும், நிதிச் செயலாளர் எச். எம். பட்டேலும், இந்திய ரிசேர்வ் வங்கியின் ஆளுநரும் சாட்சியமளித்தனர். கல்கத்தாப் பங்குச் சந்தை வீழ்ச்சியடையாமல் தடுக்கவே பங்குகள் வாங்கப்பட்டன என்று அதிகாரிகள் தரப்பில் விளக்கம் கூறப்பட்டது. சக்லா அதனை ஏற்கவில்லை. அந்தக் கொள்வனவு காப்புறுதி செய்தவர்களின் நலனுக்காக நடைபெறவில்லை என்று அவர் கண்டார்.

1958 ஜனவரி நடுப்பகுதியில் நியமிக்கப்பட்ட ஆணைக்குழு பெப்ரவரி 10 ஆம் திகதியே அறிக்கையை முடித்துவிட்டது. வருடக்கணக்கில் இழுபடும் ஆணைக்குழுக்களையே கேள்விப்பட்ட எமக்கு இது வியப்பாக இருக்கலாம். அறிக்கையின் முக்கியமான பகுதி அமைச்சரின் பொறுப்புப் பற்றியது. செயலாளர் செய்தது தமக்குத் தெரியாது என்று அமைச்சர் ஒதுங்க முடியாது, அமைச்சின் செயலுக்குப் பாராளுமன்றத்திற்குப் பொறுப்புக் கூறவேண்டியவர் அமைச்சரே என்று சக்லா தீர்ப்பளித்தார். அமைச்சர் பொறுப்பு என்று குடியியற் கல்வியில் ஒரு வரியிற் படிக்கிறோமே, அதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது கடினம். அந்த மாதமே கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். அவர் இப்பங்குக் கொள்வனவால் சொந்த இலாபம் அடைந்தார் என்று எவரும் கூறவில்லை என்பதையும் சேர்த்து எழுதுவதே நியாயம். 1962 இல் அவர் மீண்டும் அமைச்சரவையில் இடம்பெற்றார். பின்னர் மீண்டும் நிதியமைச்சரானார். செயலாளர் பட்டேல் அரச சேவையை விட்டு வெளியேறினார். முந்த்ரா சிறை சென்றார்.

நேருவுக்கு இது மிகவும் கசப்பான காலம். தமக்கு நெருங்கிய அமைச்சரை இழந்தார். இழக்கச் செய்தவர் சொந்த மருமகன். அக்காலத்தில் இந்திரா தந்தையாருக்கு உதவியாகப் பிரதமரின் உத்தியோகபூர்வ இல்லத்திலேயே பிள்ளைகளுடன் இருந்தார். பெரோஸ் பாராளுமன்ற உறுப்பினர்களுக்கான விடுதி வீட்டில் தனியே வாழ்ந்தார். ரோஜாச் செடி வளர்ப்பதிலும் தச்சு வேலையிலும் அவருக்குப் பெரும் விருப்பம். 1959 இல் கேரள மாநில அரசாங்கம் கலைக்கப்பட்டபோது காங்கிரஸ் தலைவராக இருந்த இந்திராவின் நிலைப்பாட்டையும் இவர் வெளிப்படையாக எதிர்த்தார். வீட்டுக்குள் இதற்கெல்லாம் என்ன விலை கொடுத்தார் என்பதை ஹன்சாட் அறிக்கைகளில் தேட முடியாது.

மறைவும் அதன் பின்னரும்

முந்த்ரா விவகாரம் முடிந்த 1958 இலேயே பெரோஸுக்கு மாரடைப்பு ஏற்பட்டது. 1960 செப்டெம்பர் 8 ஆம் திகதி டெல்லி விலிங்டன் வைத்தியசாலையில் இரண்டாவது மாரடைப்பினால் காலமானார். 48 ஆவது பிறந்த நாளுக்கு நான்கு நாட்களே இருந்தன. உடல் டெல்லியில் தகனம் செய்யப்பட்டது. அஸ்தியின் ஒரு பகுதி அலகாபாத்தில் பார்சி மயானத்தில் அடக்கம் செய்யப்பட்டது.

அவர் மறைந்து ஒன்பது ஆண்டுகளின் பின், 1969 ஜூலை 19 இல், பிரதமராகிவிட்ட இந்திரா காந்தி 14 பெரிய தனியார் வங்கிகளை அரசுடைமையாக்கினார். மக்களின் வைப்புப் பணம் சில தொழிலதிபர் குடும்பங்களின் தேவைக்கே கடனாகச் செல்கின்றது என்பது அதற்குக் கூறப்பட்ட காரணங்களுள் முதன்மையானது. காப்புறுதி பற்றி 1955 இல் கேட்கப்பட்ட கேள்வி வங்கிகளுக்கும் வந்து சேர்ந்தது. கொழும்பிலும் கிளை அமைத்த இந்தியன் வங்கியும் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியும் அந்த 14 இல் அடங்கும்.

இனி அந்தச் சட்டத்தின் கதை. 1975 ஜூனில் இந்திரா காந்தி அவசரகால நிலையைப் பிரகடனப்படுத்தினார். பத்திரிகைகள் தணிக்கைக்கு உட்பட்டன. அவ்வாண்டு டிசெம்பரில் ஓர் அவசரச் சட்டத்தின் மூலமும், 1976 இல் பாராளுமன்றச் சட்டத்தின் மூலமும் பெரோஸ் காந்தி சட்டம் நீக்கப்பட்டது. கணவர் கொண்டுவந்த சட்டத்தை மனைவியின் அரசாங்கமே இல்லாதொழித்தது.

1977 மார்ச்சில் நடைபெற்ற தேர்தலில் காங்கிரஸ் தோற்றது. பெரோஸ் முன்னர் வெற்றிபெற்ற அதே ரேபரேலித் தொகுதியில் இந்திராவும் தோல்வியடைந்தார். புதிய ஜனதா அரசாங்கம் அவ்வாண்டே அச்சட்டத்தை மீண்டும் நிறைவேற்றியது. 1978 இல் 44 ஆவது திருத்தத்தின் மூலம் அந்தப் பாதுகாப்பு அரசியலமைப்பிலேயே சேர்க்கப்பட்டது. அவ்வரசாங்கத்தின் பிரதமர், சென்னையில் எல்.ஐ.சி. கட்டடத்தைத் திறந்துவைத்த மொரார்ஜி தேசாய். அதன் நிதியமைச்சர் எச். எம். பட்டேல்; இருபது ஆண்டுகளுக்கு முன் பெரோஸின் கேள்விகளால் செயலாளர் பதவியை இழந்த அதே பட்டேல்.